கோப்பையின் மேல் மட்டும் விழும் வெளிச்சம்

ஏதேனும் ஒரு பள்ளியின் ஆண்டு மலரை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். விளையாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நான்கைந்து பக்கங்களில் பெரும்பாலும் விளையாட்டு இருக்காது. சிறப்பு விருந்தினர் இருப்பார், பொன்னாடை இருக்கும், கோப்பையின் ஒரு காதை அவரும் மறு காதை மாணவியும் பிடித்தபடி நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் கோப்பைக்காக அவள் எப்படி எம்பினாள், எப்படி விழுந்தாள் என்பதற்கு ஒரு சாட்சியமும் மிஞ்சுவதில்லை. நிர்வாகத்தின் ரசனையைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இதில் பாதிப் பழி வெளிச்சத்தையே சேரும் என்பது என் எண்ணம். மேடையில் ஃபிளாஷ் போடலாம், விருந்தினரும் அசையாமல் நிற்பார். ஆடுகளத்தில் இரண்டுக்கும் வழியில்லை.

நம் பள்ளிகளின் உள்ளரங்கம் என்பது பெரும்பாலும் காலையில் வழிபாட்டுக் கூடம், மார்ச்சில் தேர்வுக் கூடம், மற்ற நாட்களில் இறகுப்பந்துக்கும் மேசைப்பந்துக்கும் இடம் தரும் கூடம். (இறகுப்பந்தைப் பூப்பந்து என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். பூப்பந்து வேறு விளையாட்டு, பந்தும் வேறு.) உயரத்தில் சில ட்யூப் லைட்டுகள், பக்கவாட்டில் கண் கூசும் ஜன்னல்கள். அத்தகைய கூடத்தில் 200 லக்ஸ் வெளிச்சம் இருப்பதாகக் கொள்வோம். உச்சி வெயிலில் மைதானத்தில் கிடைப்பதில் அது ஏறக்குறைய 500-இல் ஒரு பங்கு. ஓடும் காலை உறையச் செய்ய 1/500 நொடி வேண்டும். எஃப் 2 அளவுக்குத் திறக்கும் லென்ஸ் கையில் இருந்தாலும் ஐ.எஸ்.ஓ. 2500-ஐத் தாண்டியாக வேண்டும். கேமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் லென்ஸை நீட்டினால் எஃப் 5.6-தான் கிடைக்கும், அப்போது ஐ.எஸ்.ஓ. 20000. செல்பேசியின் இரவு வசதியும் இங்கே உதவாது. பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் வித்தை அது, ஓடுகிறவரிடம் அது தோற்றுவிடும்.

இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால், பழைய சோக் வைத்த ட்யூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பெருகுகிறது. 1/500 நொடியில் எடுக்கும் படம் அந்த அலையின் ஐந்தில் ஒரு துண்டையே பிடிக்கிறது. அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று வெளுத்தும் ஒன்று இருண்டும் ஒன்று பச்சையோடியும் வருவது இதனால்தான். 1/100 நொடிக்கு இறங்கினால் ஒரு முழு அலை அகப்படும், நிறம் நிலைக்கும். ஆனால் கை கலங்கும். ஆகவே அசைவே ஒரு கணம் ஓய்வெடுக்கும் இடத்தைத் தேடவேண்டும். எம்பியவள் உச்சியில் தொங்கும் நொடி, சர்வீஸுக்கு முன் மட்டையும் மூச்சும் நின்றுபோகும் நொடி. ஆட்டத்தை அறியாதவரால் இதைப் பிடிக்க இயலாது. லென்ஸ் வாங்கும் காசில் பாதியை மிச்சம் பிடித்து, பத்து ஆட்டங்களை வெறுமனே உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன்.

ஜோன் மில்லி என்ற அல்பேனியர், எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்தவர், ஹெரால்டு எட்ஜர்டனின் மின்னொளி விளக்குகளைக் கொண்டு 'லைஃப்' இதழுக்காக வீரர்களையும் நடனக்காரர்களையும் அந்தரத்தில் நிறுத்தினார். இருட்டை வெல்ல அவர் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டு சென்றார். பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமில்லை. பறந்துவரும் இறகைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது அநியாயம்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கிறது. பின்னால் சுண்ணாம்புச் சுவரும் ஜன்னலும் இருந்தால் அவற்றுக்கு அடங்கி, முன்னால் நிற்கும் கறுத்த முகத்தை இருட்டில் தள்ளிவிடுகிறது. பிறகு கணினியில் அதைத் தூக்கினால், ஒளி குறைவாகப் பதிந்த இடத்தில்தான் புள்ளிகள் மிகுதி என்பதால், சேதம் முழுவதும் அந்தத் தோலின் மேலேயே விழுகிறது. இது தற்செயல் மட்டுமன்று. கோடக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே நிறத்துக்கு அளவுகோலாக இருந்தது. பல நிறத்தவரும் சேர்ந்த அட்டை 1990-களில்தான் வந்தது. கூகுள் தன் செல்பேசியில் கறுத்த தோலை உள்ளபடி காட்டுவோம் என்று 'ரியல் டோன்' அறிவித்தது 2021-இல். நம் பிள்ளைகளின் நிறம் இத்தனை காலம் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது.

அதற்கு நாம் கண்ட தீர்வு இன்னும் மோசம். முகத்தை மெழுகி வெளுப்பாக்கும் 'பியூட்டி' வசதி பல செல்பேசிகளில் உண்டு. புள்ளிகளை நீக்கும் மென்பொருள்களும் பெருகிவிட்டன. 2023-இல் அடோபி லைட்ரூமிலேயே செயற்கை நுண்ணறிவு கொண்டு அது செய்யப்படலாயிற்று. சுவருக்கும் தரைக்கும் அதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பதியாத ஒன்றை அது ஊகித்தே நிரப்புகிறது. அளவு மீறினால் வியர்வையும் முகப்பருவும் கண்ணிமையும் போய், மெழுகுப் பொம்மை ஒன்று மட்டை பிடித்து நிற்கிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணிடம், நீ ஆடியபோது இப்படி இருந்தாய் என்று அதைக் கொடுப்பது பொய் சாட்சி. டிரை-எக்ஸ் ஃபிலிமை 1600 வரை தள்ளி எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் குறுமணிகளைக் கலை என்று கொண்டாடும் நாம், நம் பள்ளிக் கூடத்துப் படத்தின் புள்ளிகளுக்கு மட்டும் ஏன் கூசவேண்டும்?

ஜன்னல் வெளுத்துப் போகட்டும், முகத்துக்கு ஒளியளவு வையுங்கள். முடிந்தால் ஜன்னலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், அப்போது அதே ஜன்னல் அவள் முகத்துக்கு விளக்காகும். ஆண்டு மலரின் அரைப் பக்கத்தில், ஆறு அங்குல அகலத்தில் அச்சாகும்போது ஐ.எஸ்.ஓ. 6400-இன் புள்ளிகளில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. பொன்னாடைப் படங்களில் ஒன்றைக் குறைத்தால் அந்த அரைப் பக்கம் கிடைத்துவிடும். விருந்தினர்கள் வருத்தப்பட மாட்டார்கள், அவர்களுக்கு மற்ற பக்கங்கள் இருக்கின்றன.