தாய்மாமன் சீர்

ஐந்தருவியில் ஒருவருடைய உண்மையான வயதைக் கண்டுபிடிக்க ஆதார் கார்டு வேண்டாம். அருவிக்கு அடியில் இரண்டு நிமிஷம் நிற்க வைத்தால் போதும். வலது காதுக்கு மேலே கிளம்பி, உச்சி வழியாக இடது காது வரைக்கும் பாலம் போட்டிருந்த நாலு முடியும் தண்ணீர் பட்டதும் அப்படியே தோளில் வந்து விழும். ஆபீஸில் எல்லோரையும் நடுங்க வைக்கும் மானேஜர், கவிழ்த்த செம்பு மாதிரி மண்டை பளபளக்க நிற்பார். பக்கத்திலேயே அவரிடம் 'பாட்டிக்குச் சீரியஸ்' என்று லீவு வாங்கி வந்த கிளார்க். இரண்டு பேரும் வேறு வழியில்லாமல், "இந்த வருஷம் தண்ணி நல்லா விழுது, ஸார்" என்று பேசிக்கொள்வார்கள்.

ஆடி மாசம். நல்ல சாரல். அக்கா குடும்பத்தோடு போயிருந்தோம். எல்லோரும் தண்ணீரில் கிடக்க, அக்கா மகன் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு மங்குஸ்தான் கடை ஓரமாக நிற்கிறான். வயது இருபத்தேழு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வயதில் இதே அருவியிலிருந்து அவனை வெளியே இழுத்துவர நாலு பேர் வேண்டியிருந்தது.

"என்னடே மருமவனே, குளிக்கலையா?"

"ஜலதோஷம் மாமா."

குத்தாலத்துக்கு வந்துவிட்டு ஜலதோஷம் என்பவனை நம்பவே கூடாது. அந்த நேரம் பார்த்துக் காற்று குடையைப் புரட்டியது. சாரல் முகத்தில் அடிக்க, அவன் நெற்றியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கி மூக்கு வரை வந்தது. வேறொன்றுமில்லை. தலையில் தூவிக்கொள்ள ஒரு பொடி விற்கிறார்கள். கெரட்டின் தூள். மெலிந்த முடியோடு ஒட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் அடர்த்தியாகக் காட்டும். ஏ.ஸி. ரூமுக்கு ஓ.கே. ஐந்தருவிக்கு ஆகாது.

டவலால் துடைத்துக்கொண்டே என் தலையைப் பார்த்தான். என் தலையில் பார்க்க ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வயதிலேயே எல்லாம் காலி. "எல்லாம் உங்களாலதான் மாமா" என்றான்.

காது குத்துக்கு மடி கொடுத்தேன், சீர் செய்தேன், மோதிரம் போட்டேன். அந்த லிஸ்டில் இதையும் சேர்த்துவிட்டான். மறுக்கவும் முடியவில்லை. ஆண் ஹார்மோனை மயிர்க்கால் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைத் தீர்மானிக்கிற முக்கியமான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். எங்கள் அம்மா எனக்குக் கொடுத்ததையே அக்காவுக்கும் கொடுத்து, அக்கா அதை அவனுக்கு பார்சல் பண்ணியிருக்கலாம். ஆனால் பழி முழுக்க மாமனுக்கே என்பதும் சரியில்லை. அப்பா வழியிலும் வேறு பல ஜீன்கள் வருகின்றன. அத்தான் தொப்பியைக் கழற்றினால் தெரியும்.

பையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தான். சென்னையில் ஏதோ ஒரு நிலையம். ஒரே நாளில் முடி நடுவார்களாம், வலியே இருக்காதாம், தவணை வசதி உண்டாம். ஆவணியில் பெண் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் 'முடித்துவிட' வேண்டுமாம்.

"அட்வான்ஸ் கட்டிட்டியா?"

"திங்கக்கிழமை கட்டணும்."

எனக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அருவிக்கரையிலேயே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இந்த மலைத் தண்ணீரில் மூலிகை கலந்திருக்கிறது, தொடர்ந்து ஒரு மண்டலம் குளித்தால் முளைக்கும் என்றார் ஒருவர். அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் எவருக்குமே வழுக்கை இருக்கக்கூடாது. இன்னொருத்தர், அருவி அடித்துத்தான் முடி கொட்டுகிறது என்றார். அதுவும் இல்லை. யாருக்குமே ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை தானாகவே உதிரும். அருவி தட்டிவிடுவது ஏற்கெனவே கிளம்பத் தயாராக இருந்த முடியை. வேர் தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் வளரும் என்பதும் அப்படித்தான். முடிக்கு மினுமினுப்பு வரும், வழுக்கை நிற்காது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றையும் அருவியில் பயன்படுத்தக்கூடாது என்று ஹைகோர்ட் மதுரைக் கிளை 2014-ல் தடை போட்டதில் அருவிக்கு லாபம், வழுக்கைக்கு நஷ்டமில்லை.

நடப்பது இதுதான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உடம்பில் ஒரு என்ஸைம் டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான சரக்காக மாற்றுகிறது. முன்நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும் மயிர்க்கால்களுக்கு, பரம்பரை வாகு இருந்தால், இந்த டி.எச்.டி. ஆகாது. ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் கொஞ்சம் சுருங்கும். கடைசியில் பூனைமுடி. பின்மண்டையில் இருப்பவை மட்டும் இதற்கெல்லாம் அசைவதில்லை. அதனால்தான் எந்த வழுக்கைத் தலையிலும் பின்னால் ஒரு அரைவட்டம் மிச்சமிருக்கிறது.

இதை 1942-ல் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆராய்ந்தார். வயதுக்கு வருமுன் விரை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கையே விழவில்லை. ஹார்மோனை ஊசி வழியாகக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது.

"வழுக்கை வராம இருக்க நிச்சயமான வழி ஒண்ணு இருக்கு மருமவனே. சொல்லட்டுமா?"

சொன்னேன். குடையை மடக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான்.

மருந்துகள் வந்த கதை இன்னும் வேடிக்கை. மினாக்ஸிடில் முதலில் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குப் பிரஷர் இறங்கியது, கூடவே கண்ட இடத்திலெல்லாம் முடி முளைத்தது! பக்க விளைவையே சரக்காக்கி, 1988-ல் அமெரிக்காவில் தலையில் தடவும் மருந்தாக அனுமதி வாங்கினார்கள். ஃபினாஸ்டரைடு கதை டொமினிகன் குடியரசில் தொடங்குகிறது. அங்கே ஒரு கிராமத்தில் பெண் குழந்தைகள் என்று வளர்க்கப்பட்ட சிலர் பருவ வயதில் ஆண்களாக மாறினார்கள். அவர்களுக்கு அந்த என்ஸைம் குறைவு என்று 1974-ல் கண்டுபிடித்தார்கள். வளர்ந்த பிறகு பிராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த என்ஸைமைத் தடுக்க மாத்திரை செய்தார்கள். 1992-ல் பிராஸ்டேட் வீக்கத்துக்கு அனுமதி, 1997-ல் ஒரு மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கு.

இரண்டும் இருப்பதைக் காப்பாற்றும், மெலிந்ததைக் கொஞ்சம் தடிமனாக்கும். என் தலையைப் போல் பாறையாகிவிட்ட நிலத்தில் ஒன்றும் நடக்காது. இருபத்தேழு வயதில், இன்னும் பாதி மிச்சமிருக்கும்போது ஆரம்பித்தால் பலன் உண்டு. ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு இரண்டு வருஷத்தில் முடி எண்ணிக்கை குறையவில்லை என்று ஆய்வில் கண்டார்கள். ஆனால் முதல் சில வாரங்களில் மினாக்ஸிடில் போட்டால் முடி கூடுதலாகவே கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருகிறது. சிலர் பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். பலன் கிடைத்த பிறகும் விடக்கூடாது. கல்யாணத்தோடு நிறுத்தினால் தலை தீபாவளிக்குள் பழைய தலை!

ஃபினாஸ்டரைடில் இன்னொரு சங்கதி. நூற்றில் சிலருக்கு தாம்பத்திய ஆர்வம் குறைகிறது. பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தினால் சரியாகிறது, சிலருக்கு நீடிப்பதாகவும் புகார் உண்டு. மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவுதான் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் உறுதி செய்தது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கல்யாணம் ஆகப்போகிறவன் இதையெல்லாம் டாக்டரிடம் கூச்சப்படாமல் பேச வேண்டும். நண்பன் சாப்பிடுகிறான் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கக்கூடாது.

சரி, நடவுக்கு வருவோம். பின்மண்டை முடியைப் பெயர்த்து முன்னால் நட்டாலும் அது பிறந்த இடத்துக் குணத்தை விடாது, டி.எச்.டி.யைக் கண்டுகொள்ளாது. நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற தோல் டாக்டர் 1952-ல் செய்து பார்த்து, 1959-ல் எழுதினார். அதற்கும் முன்னாலேயே, 1939-ல், ஜப்பானில் ஒகுடா என்பவர் இதே மாதிரி செய்திருக்கிறார். உலகப் போரில் அது வெளியே தெரியாமல் போனது. அந்தக் காலத்தில் கொத்துக் கொத்தாக நட்டார்கள், பொம்மைத் தலை மாதிரி இருக்கும். இப்போது ஒரு வேரில் ஒன்று முதல் நாலு முடி வரை இயற்கையாக இருக்கிற அளவிலேயே எடுத்து நடுகிறார்கள். நல்ல கையில் நடவு தெரியவே தெரியாது.

ஆனால் புதிதாக ஒரு முடிகூட உண்டாவதில்லை, ஸார். பின்னால் இருப்பதை முன்னால் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். நாற்றங்கால் சிறியது. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. இருபத்தேழில் அவசரப்பட்டு முன்நெற்றியில் நட்டுவிட்டால், நட்டது நிற்கும், அதற்குப் பின்னால் இருக்கிற சொந்த முடி வருஷா வருஷம் பின்வாங்கும். நாற்பதில் நடுவில் வெட்டவெளி, முன்னால் வேலி. அப்போது மூட பின்மண்டையில் சரக்கு இருக்காது. அதனால்தான் விவரமான டாக்டர்கள் சின்ன வயசுக்காரர்களை முதலில் மருந்தில் வைத்து, எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கிறார்கள்.

"ஆவணிக்குள்ள வந்துருமா மாமா?"

"வரும்டே. அப்புறம் போயிரும்."

நட்ட முடி இரண்டு, மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும். மறுபடி தலைகாட்ட மூன்று, நாலு மாதம். முழுசாகப் பார்க்க ஒரு வருஷம். ஆவணியில் பெண் பார்க்கப் போகும்போது நட்டதும் இருக்காது, பொருக்கு உதிர்ந்த சிவப்புதான் இருக்கும். இதை நோட்டீஸில் போடவில்லை.

இன்னொன்றையும் போடவில்லை. 2016 மே மாதம் சென்னையில், மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடி நடவுக்குப் போனார். வயது இருபத்திரண்டு. அங்கேயே உடல்நிலை மோசமாகி, இரண்டு நாளில் வேலூரில் இறந்தார். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது அந்த இடத்துக்கு இருந்தது சலூன் லைசென்ஸ்! மணிக்கணக்கில் நடக்கும் வேலை. மரத்துப்போகும் ஊசியை உடல் எடைக்குத் தகுந்த அளவுதான் போடலாம். அளவு தாண்டினால் இதயத்தையே நிறுத்தும். டாக்டராகப் போகிறவருக்கே இந்தக் கதி. நமக்கு?

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிமுறை வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன், தோல் டாக்டர் போன்றவர்கள்தான் முடி நடலாம். பட்டறையில் வேடிக்கை பார்த்தோ, யூ-டியூப் பார்த்தோ கற்றது பயிற்சி ஆகாது என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அப்படி எழுத வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

மருமகனைத் தவணைக்காரர்களிடம் போனில் மூன்றே கேள்வி கேட்கச் சொன்னேன். நடப்போவது யார், அவர் என்ன படித்தார்? மயக்க மருந்துக்குப் பொறுப்பு யார்? இதயம் தகராறு செய்தால் எந்த ஆஸ்பத்திரி? அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், இந்த வாரம் புக் பண்ணினால் இருபது சதவீதம் தள்ளுபடி என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. அவனே போனை வைத்தான்.

திங்கட்கிழமை திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். தலையை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், ரத்தம் பார்க்கச் சொன்னார், நடவு பற்றி ஒரு வருஷம் கழித்துப் பேசலாம் என்றார். மருந்துக்கு மாதம் சில நூறு ரூபாய்தான் ஆகிறது. முதல் மாதம் நிறையக் கொட்டியது. ராத்திரி பத்தரைக்கு எனக்கு போன் பண்ணி, என்னவோ நான்தான் பிடுங்கினேன் என்பது போலத் திட்டினான்.

பெண் வீட்டுக்கு அனுப்ப, பொடி தூவாத போட்டோவை அவனே தேர்ந்தெடுத்தான். அக்கா, "வேற போட்டோ இல்லையாடா?" என்று புலம்பிக்கொண்டே அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. பெண்ணின் அப்பா ஒரே ஒரு விவரம்தான் கேட்டிருந்தார்: மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற வசதி உண்டா, உண்டென்றால் தென்காசியிலேயே தங்குவாரா?