ஒரே காற்றில் போகும் படகுகளுக்கு ஒன்றாகக் காப்புறுதி
புத்தளம் கரையோர மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி, கந்தக்குளி, பத்தலங்குண்டு என்று கடலையும் களப்பையும் நம்பி வாழும் உறவுகளே,

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் நம் மாவட்டமும் மூழ்கியது. போட், மிஷின், வலை என்று தொழில் முதலை இழக்கிறவருக்கு நம்மிடையே இருப்பது இரண்டே வழி. நிவாரணப் பட்டியலில் பெயர் வர வேண்டும், இல்லாவிட்டால் சம்மாட்டியிடமோ வட்டிக்காரரிடமோ கைநீட்ட வேண்டும். காப்புறுதி என்ற மூன்றாவது வழியைத் திறக்க முடியும் என்று நம்புகிறோம். அதற்கு நீங்கள் எல்லோரும் வேண்டும்.

நம் ஊர்களில் மரண உதவிச் சங்கங்களும் ஜனாஸா சங்கங்களும் காலங்காலமாக நடக்கின்றன. மாதம் சிறு தொகை கட்டுகிறோம்; ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. சாவு ஒவ்வொரு வீடாக வருவதால் நூறு வீட்டுப் பணம் ஒரு வீட்டுக்குப் போதுகிறது. புயல் அப்படி வருவதில்லை. கரையில் ஏற்றி வைத்த படகுகள் அத்தனையையும் ஒரே இரவில் அடித்துவிடும். அன்றைக்கு ஊர் நிதியில் எவ்வளவு இருந்தாலும் காணாது. எனவே படகுக் காப்புறுதியை ஊருக்குள்ளேயே நடத்திவிடலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை.

சட்டமும் அதற்கு இடம் தராது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி, உரிய பதிவில்லாமல் யாரும் காப்புறுதி நடத்தக் கூடாது. 2016 முதல் ஒவ்வொரு நிறுவனமும் தான் ஏற்ற ஆபத்துக்கு ஏற்ற மூலதனம் வைத்திருக்க வேண்டும்: குறைந்தது 500 மில்லியன் ரூபா, அத்துடன் கணக்கிட்ட தேவையில் 120 வீதம். சிறு தொழிலாளியைத் தூர நிறுத்தும் விதி என்று சிலர் கோபப்படுகிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுப்பணத்தை இன்று வாங்குகிறார்கள், நட்டஈடு கொடுக்கும் நாள் எப்போதோ வருகிறது. இடைப்பட்ட காலத்தில் நம் பணம் பத்திரமாக இருக்கிறதா என்று நாம் போய்ப் பார்க்க முடியாது. காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு பார்த்தாக வேண்டும், கடுமையாகவே பார்த்தாக வேண்டும்.

எல்லோரும் சேர்ந்து அழிவதென்றால் என்னவென்று இறால் வளர்ப்போருக்குச் சொல்லத் தேவையில்லை. சிலாபம் முதல் புத்தளம் வரை பண்ணைகள் பலவும் ஒல்லாந்தர் கால்வாயில்தான் தண்ணீர் எடுக்கின்றன, கழிவையும் அதிலேயே விடுகின்றன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒருவர் திறந்துவிட்ட தண்ணீர் அடுத்தவர் குளத்துக்கு நோயாகப் போனது. இப்படிப்பட்ட தொழிலை எந்தக் காப்புறுதி நிறுவனம் துணிந்து ஏற்கும்? பின்னாளில் வலயம் வலயமாகப் பிரித்து, யார் எப்போது குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி போட்டார்கள். பரிசோதித்த குஞ்சையே விட வேண்டும் என்றார்கள். ஒருவர் அவசரப்பட்டால் எல்லோரும் அழியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முறை தவறி முந்திக்கொள்கிறவர்களை அக்கம்பக்கத்தார் தடுத்து நிறுத்துங்கள். ஆபத்து குறைந்திருப்பதை நாம் காட்டாதவரை கட்டுப்பணம் குறையாது.

படகுக்காரர்களே, பழைய மிஷின் வைத்திருப்பவர் மட்டும் காப்புறுதி எடுத்தால் நட்டஈடு கூடும், கட்டுப்பணம் ஏறும், நல்ல படகு வைத்திருப்பவர் விலகுவார், மறுபடியும் ஏறும். ஆகவே புதியதும் பழையதும் ஒரே கூட்டு ஒப்பந்தத்தில் வர வேண்டும். கரைவலைக்காக உடப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிறவர்களும், அந்தக் கரைச் சங்கங்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது. எல்லாக் காற்றும் இரு கரையையும் அடிப்பதில்லை. கிழிந்த வலையைப் புது வலை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அப்படி வாங்கும் நட்டஈடு அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்காரரின் கட்டுப்பணத்தில் ஏறும். சங்கத் தலைவர்கள் அத்தகைய கடிதங்களில் கையெழுத்திட வேண்டாம்.

புயலின் முழுப் பாரத்தை எந்த நிறுவனமும் தனியே சுமக்காது. ஒரு பங்கை மீள்காப்புறுதியாக வெளியே கொடுக்கும். இங்கே அரசு வர வேண்டும். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2016இல் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் இலாபத்தில் 1 வீதத்தைப் பயிர்க் காப்புறுதிக்கென அதே நிதியத்துக்குச் செலுத்த வேண்டும் என்று 2013இல் விதித்தார்கள். வயலுக்கு வழி செய்தவர்கள் கடலுக்கும் செய்யட்டும். 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கமநலக் காப்புறுதிச் சபையின் பொறுப்பில் கடற்றொழிலையும் ஏற்கெனவே சேர்த்திருக்கிறது.

நாங்கள் கேட்பது இது: வளிமண்டலவியல் திணைக்களம் அளக்கும் காற்றின் வேகம் குறித்த அளவைத் தாண்டினால், மதிப்பீட்டாளருக்காகக் காத்திருக்காமல் ஒரு தொகை உடனே கைக்கு வர வேண்டும். ஒப்பந்தம் முழுவதும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். எவற்றுக்கு நட்டஈடு இல்லை என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

இந்தக் கோரிக்கை மனுவுக்கு ஊர்க் கடற்றொழில் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கையெழுத்துச் சேர்க்கிறோம். வரும்போது படகுப் பதிவின் பிரதியைக் கொண்டு வாருங்கள். பதிவு செய்யாதவர்கள் முதலில் கடற்றொழில் பரிசோதகரிடம் பதிந்துகொள்ளுங்கள். பதிவில்லாத படகைக் கூட்டு ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி எங்களால் கேட்க முடியாது.

இப்படிக்கு,
புத்தளம் கரையோர மீனவர்கள், இறால் வளர்ப்போர் சிலர்