பேட்டரி நிரபராதி

வாட்டர் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வியாதி உண்டு. பொத்தானை அழுத்தி செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே "பேட்டரி போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். புது பேட்டரி வரும், பத்து நாள் ஓடும், மறுபடி மக்கர். அடுத்து செல்ஃப் மோட்டாரின் தலை உருளும். பல நேரம் இரண்டின் மேலும் குற்றமே இருக்காது.

இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. கரையில் நின்றுபோனால் எரிச்சல். நடுத்தண்ணீரில் நின்றுபோனால் உயிர்ப் பிரச்சினை. ஆகவே கரண்ட் எந்த இடத்தில் மறிக்கப்படுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பாகம் வாங்குவதெல்லாம் அப்புறம்.

சீட்டைக் கழற்றிச் சற்று நேரம் காற்றாட விடுங்கள். உள்ளே பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால் ஒரு பொறி போதும், வண்டியே இருக்காது.

பிறகு காதைத் தீட்டிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். சத்தமே இல்லையா? ஃபியூஸ், பொத்தான், கைக்கயிற்றில் தொங்கும் பாதுகாப்புச் சாவி ஆகியவற்றைப் பாருங்கள். சீ-டூ பிராண்டு வண்டிகளில் சாவியை மாட்டியதும் இரண்டு சின்ன 'பீப்' வந்தால் வண்டி சாவியை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஒரே நீள 'பீப்' வந்தால் சாவி சரியாகப் படியவில்லை. பெரும்பாலும் உப்பும் அழுக்கும்தான் காரணம். 'டிக்' என்று ஒரே சத்தம் வந்தால் ரிலே வரை உத்தரவு போயிருக்கிறது, மோட்டாருக்குத்தான் போதிய கரண்ட் போகவில்லை. 'டிக்டிக்டிக்' என்று படபடத்தால் பேட்டரி டவுன், அல்லது டெர்மினல் லூஸ்.

இனி மல்டிமீட்டர். சும்மா இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுசு; 12.2 என்றால் பாதிதான். ஆனால் சும்மா இருக்கும்போது எல்லாப் பேட்டரியும் யோக்கியன்தான். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். சரியவில்லை, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் கோளாறு வழியில் இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

அந்த எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் கதை புரியும். மேலே பளபளவென்று இருக்கும் வளையத்தின் அடியில் பச்சைப் பொடி பூத்திருக்கும். வயரின் மேலுறையை இரண்டு அங்குலம் கீறிப் பாருங்கள்: செம்பு இழைகள் கறுத்து, விரலால் நெருடினாலே உதிரும். முட்டுக்காடு மாதிரி உப்பங்கழியில் ஓடும் வண்டியில் உப்புத்தண்ணீர் இழையோடு இழையாக உள்ளே ஏறிவிடுகிறது. தேய்த்துச் சுத்தம் செய்தால் போதாது. வயரையே மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் 'டொக்' என்று முட்டி நின்றால் விட்டுவிடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி அதை வெளியேற்றாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம்.

அடுத்த முறை யாராவது பேட்டரியை மாற்றச் சொன்னால், "ஸ்டார்ட் அடிக்கும்போது எத்தனை வோல்ட்?" என்று கேளுங்கள். பதிலாக ஓர் எண் வந்தால் யோசிக்கலாம். தலையைச் சொறிந்தால், மாற்ற வேண்டியது மெக்கானிக்கை.