கட்டு மாற்றும்போது ஒரு பனிப்பந்து



தீக்காயம் பட்ட குழந்தைகளின் வலியைத் தணிக்க மருந்தோடு வேறு வழிகளும் துணைநிற்கும் என்ற வாதம் முற்றிலும் சரி.

அமெரிக்காவின் சியாட்டிலில் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் உருவாக்கிய 'ஸ்னோ வேர்ல்ட்' இதற்கு நல்ல சான்று. புண்ணைச் சுத்தம் செய்யும்போது நோயாளி கண்ணில் மாட்டிய திரைக்குள் பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி, பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனிப்பந்து எறிவார். கவனம் அங்கே ஓடிவிடுவதால் வலியின் பிடி தளர்கிறது. இதுபோன்ற மெய்நிகர் உலகங்களைப் பற்றி இவர்கள் 2000-இல் வெளியிட்ட தொடக்க ஆய்வில் பங்கேற்றவர்கள் வளரிளம் பருவத்தினர் இருவர்தான். 2004-இல் வலி குறைவது மூளை ஸ்கேனிலேயே தெரிந்தது.

கருவி இல்லாமலும் வலியைத் தணிக்க முடியும். தீபாவளியன்று கம்பி மத்தாப்பில் கை சுட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுச் சிறுமி, கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் வீறிட்டு அழுவாள். ஒருநாள் செவிலியர், ஒட்டியிருந்த துணியை உப்புநீரில் நன்றாக ஊறவிட்டு, "நீயே மெதுவா எடு கண்ணு, வலிச்சா நிறுத்திக்கலாம்" என்றார். அலறல் விசும்பலாகத் தணிந்தது. ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து அவளே உரித்தாள்.

தீக்காயப் பிரிவுகளில் கட்டு மாற்றும்போது, முகக்கவசம் அணிந்த தாயோ தந்தையோ அருகிலிருந்து கதை சொல்ல அனுமதிக்க வேண்டும். கவனத்தைத் திருப்பும் முறைகளில் செவிலியர்களுக்குப் பயிற்சியளிக்கச் சுகாதாரத்துறை ஆவன செய்யட்டும்.

– ஒரு வாசகி, விழுப்புரம்