அலகில்லாத விடை

சென்ற தவணைப் பரீட்சையில் ஓர் உலோகத் துண்டின் அடர்த்தியைக் காணச் சொல்லியிருந்தார்கள். திணிவு 54 கிராம், கனவளவு 20 கன சென்ரிமீற்றர். வகுத்து 2.7 என்று எழுதினேன். ஆசிரியை அதைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, "2.7 என்ன?" என்று கேட்டு ஒரு புள்ளியைக் குறைத்திருந்தார். "கணக்குச் சரிதானே உம்மா, அலகு போடாததற்குப் புள்ளியை வெட்டலாமா?" என்று வீட்டில் முறையிட்டேன். இன்று, அவர் வெட்டியதுதான் சரி என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அதே அலுமினியத்தின் அடர்த்தி, கன மீற்றருக்குக் கிலோகிராமில் சொன்னால் 2700. அலகை எடுத்துவிட்டால், 2.7 உம் 2700 உம் ஒன்றுதான் என்று யாருக்குத் தெரியும்?

1983 ஜூலை 23ஆம் திகதி, எயார் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானமொன்று எட்மன்டனுக்குப் புறப்பட இருந்தது. எரிபொருள்மானி வேலை செய்யவில்லை. எனவே தாங்கியில் 7,682 லீற்றர் இருப்பதை அளந்தறிந்து, கணக்குப் பார்த்தார்கள். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லீற்றரைக் கிலோகிராமாக்க அடர்த்தி வேண்டும். அவர்கள் 1.77 ஆல் பெருக்கினார்கள். அது ஒரு லீற்றருக்கு எத்தனை இறாத்தல் என்ற எண். நாம் பாண் வாங்கும்போது சொல்கிறோமே, அதே இறாத்தல்! கிலோகிராமில் அது ஏறத்தாழ 0.8 மட்டுமே. சுமார் 20,000 லீற்றர் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லீற்றருக்கும் குறைவாகவே நிரப்பினார்கள். 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றன. விமானிகள் விமானத்தைக் காற்றில் மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் இறக்கினார்கள். அதிலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர்.

1.77 பிழையான எண்ணல்ல. பெருக்கலிலும் பிழையில்லை. பிழை அலகில்தான்.

இது விமானத்தோடு முடியும் விஷயமுமல்ல. நோன்புப் பெருநாளுக்கு முன் நாம் கொடுக்கும் ஸகாத்துல் பித்ரின் அளவு ஒரு 'ஸாஃ'. அது கனவளவு. அதைக் கிலோகிராமில் சொல்லும்போது தானியத்தின் அடர்த்தி உள்ளே வந்துவிடுகிறது. ஒரே பாத்திரத்தை அரிசியாலும் மாவாலும் நிரப்பிக் குசினித் தராசில் வைத்துப் பாருங்கள், விளங்கும்.

"சூத்திரம் விளங்கினால் போதும், அலகைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள் என் தோழிகள். நான் உடன்படமாட்டேன். 1.77க்குப் பக்கத்தில் 'லீற்றருக்கு இறாத்தல்' என்று எழுதியிருந்தால், வரும் விடை கிலோகிராமல்ல என்று அந்த வரியே காட்டிக் கொடுத்திருக்கும். ஆகவே தோழிகளே, கடைசி வரியில் மட்டுமல்ல, ஒவ்வொரு படியிலும் அலகை எழுதுவோம்.

"எத்தனை புள்ளி?" என்று கேட்கும் பெற்றோரே, அந்த ஒரு புள்ளி எதனால் போனது என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

- உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி