16 எம்பிக்கு மேலே

பி.காம் படிக்கிறவனுக்கு டிவைஸ் டிரைவரில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துக் கொள்ளுங்கள் :-) விஷயம் கடைசியில் நம்ம கணக்குப் புத்தகத்துக்கே வந்து சேரும்.

ரவுட்டர் மாதிரியான சின்னச் சாதனங்களில் மென்பொருள் முழுக்க ஒரு ஃபிளாஷ் சிப்பில் இருக்கும் (எஸ்பிஐ நார் என்ற வகை). அதில் ஓர் இடத்தைப் படிக்க, ப்ராசஸர் முதலில் கட்டளையையும் பிறகு முகவரியையும் அனுப்ப வேண்டும். பழைய வழக்கப்படி முகவரிக்கு 3 பைட், அதாவது 24 பிட். அதில் எழுத முடிவது 1,67,77,216 முகவரிகள்தான். 16 எம்பியோடு முடிந்தது கதை. மூன்று இலக்க பில் புத்தகத்தில் 999க்குப் பிறகு என்ன நம்பர் போடுவது?

32 எம்பி சிப்புகளில் (வின்பாண்டின் டபிள்யூ25கியூ256 ஓர் உதாரணம்) "4 பைட் முறைக்கு மாறு" என்று ஒரு கட்டளை உண்டு. டிரைவர் அதை ஒருமுறை அனுப்பினால் போதும், அதன்பின் சிப் 4 பைட் முகவரியை எதிர்பார்க்கும். நாலு வரி கோடு, சுபம்!

அங்கேதான் சிக்கல். சாதனம் நடுவில் தொங்கிப்போய், வாட்ச்டாக் அதை ரீசெட் செய்கிறது என்று வையுங்கள். ப்ராசஸர் புதிதாகத் தொடங்கும். மின்சாரம் போகாததால் சிப் மட்டும் 4 பைட் நினைப்பிலேயே இருக்கும். பூட் ரோம் 3 பைட் முகவரி அனுப்ப, சிப் அடுத்த பைட்டையும் முகவரியாகவே எடுத்துக்கொள்ளும். வருவது குப்பை, பூட் ஆகாது. ஒழுங்காக ரீபூட் செய்தால் டிரைவரே பழைய முறைக்குத் திருப்பி வைத்துவிடலாம். கெர்னலே செத்துப்போனால் யார் திருப்புவது?

ரீசெட் கால் உள்ள சிப்பும், அதற்குப் போர்டில் ஓர் இணைப்பும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதை மிச்சம் பிடித்தவர் போர்டு தயாரித்தவர். நஷ்டம், மொட்டை மாடியில் மாட்டிய பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் சொருக ஏறுபவருக்கு. திட்டு மட்டும் டிரைவர் எழுதியவருக்கு!

முறை மாறாமலே 4 பைட் முகவரி ஏற்கும் தனிக் கட்டளைகள் பல சிப்புகளில் உண்டு. இருந்தால் டிரைவர் அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும், இதில் விவாதத்துக்கே இடமில்லை. அதுவும் இல்லாவிட்டால்? முதல் 16 எம்பியை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று ஒரு வாதம் வைக்கலாம். எனக்கு உடன்பாடில்லை. காசு கொடுத்து வாங்கிய 32ல் பாதியைப் பூட்டி வைக்க டிரைவர் யார்?

லினக்ஸ் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தப் போர்டில் ஃபிளாஷ் ரீசெட் சரியில்லை என்று டிவைஸ் ட்ரீயில் குறிப்பிட வழி வைத்திருக்கிறார்கள். அப்படிக் குறிப்பிட்டால், எதிர்பாராத ரீபூட்டில் சாதனம் மீளாமல் போகலாம் என்று கெர்னல் லாகில் எச்சரிக்கை விழும். நம்ம பாஷையில் கண்டின்ஜென்ட் லயபிலிட்டி. கேஸ் தோற்றால் கட்டவேண்டிய தொகையைக் கம்பெனி கடனாகக் காட்டாது, ஆனால் கீழே நோட்ஸில் சொல்லியாக வேண்டும் இல்லையா, அதேதான்.

ஆனால் பெட்டி வாங்குகிறவர் லாகைப் படிப்பாரா? அதே வரியை அட்டைப்பெட்டி மேல் அச்சடிக்கச் சொன்னால் எத்தனை தயாரிப்பாளர்கள் சத்தமில்லாமல் அந்த ரீசெட் இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.