வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சுவர்

மீரட்டின் விதிமீறல் கட்டடம் பற்றிய ராஜேந்திர குமார் பர்ஜாத்யா வழக்கில் 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அது மீரட்காரர்கள் பாடு என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். இப்போது அந்தத் தீர்ப்பு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறைக்கு வந்துவிட்டது. பணி நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்ற வரியைப் பிடித்துக்கொண்டு வங்கிச் சட்டப் பிரிவுகள் கோப்புகளைத் திருப்புகின்றன என்கிறார்கள் மலையில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர்கள்.

நம் மாநிலத்தின் 2019 கட்டட விதிகளோ சிறு வீடுகளுக்கு அந்தச் சான்றே வேண்டியதில்லை என்கின்றன. வங்கி கேட்கிறது, நகராட்சி, 'விதியில் இல்லாததை எப்படிக் கொடுப்பது?' என்கிறது. இடையில் மாட்டிக்கொள்வது வீட்டை விற்க வந்தவரும் அவருக்காகக் கையெழுத்துப் போடும் பொறியாளர்களான நாமும்.

இந்த இதழின் நிலையைச் சொல்லிவிடுகிறோம். 'பிளான்படி உள்ளது' என்று எழுதித் தராதீர்கள். எஸ்டேட்டும் காடும் போக, வால்பாறையில் விற்க வாங்க மிஞ்சுவது பஜாரையும் அதை ஒட்டியும் உள்ள கொஞ்சம் பட்டா வீடுகள்தான். அவற்றில் பின்பக்கம் ஒரு சீட் சார்ப்போ, இழுத்துக் கட்டிய சமையல்கட்டோ இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. உள்ளது உள்ளபடி வரைந்து, கூடுதலை வேறு நிறத்தில் காட்டி, அந்தப் பரப்பை மதிப்பில் சேர்க்காமல் விடுங்கள். கட்டி எத்தனை வருடம் ஆனாலும் விதிமீறல் விதிமீறல்தான் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. சார்ப்பைப் பிரித்துவிட்டு காங்கிரீட் போட்டால் விலை ஏறும் என்று வரும் கட்சிக்காரரிடம், மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் (ஹாகா) எல்லைக்குள் அது மராமத்து ஆகாது, புதுக் கட்டுமானம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். வேலை கைவிட்டுப் போனால் போகட்டும்.

காகித விவகாரம் இவ்வளவுதான். நமக்கு உறுத்துவது வேறு.

வெள்ளையடிக்க, பூச்சு வேலை பார்க்க, தரை மாற்ற யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். அதனால் விற்க நினைக்கிறவர் மழை விட்ட ஜனவரியில் ஆள் பிடித்து, மார்ச்சுக்குள் வீட்டைப் புதுசாக்கிவிடுகிறார். மேட்டுப் பக்கத்துப் படுக்கையறைக்குள் போய்ப் பாருங்கள். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் இரண்டு கோட்டு. சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும். தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் விரல் கணுவால் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும். ஓதம் உள்ளேயே இருக்கிறது. ஜூனில் பெயிண்ட் கொப்பளிக்கும், ஜூலையில் உப்புப் பூக்கும், அதற்குள் கிரயம் முடிந்திருக்கும்.

அதோடு திரும்பிவிடாமல் பின்பக்கம் போக வேண்டும். வீட்டுக்கும் மலை வெட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து. அங்கே கருங்கல் தடுப்புச்சுவர். காலடியில் இருக்க வேண்டிய வடிகால் மண் மூடிப் புல் முளைத்துக் கிடக்கும். சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த துவாரங்கள், அந்த வீப் ஹோல்கள்? வாங்க வருகிறவர் கண்ணுக்குச் செம்மண் ஒழுகின கறை அசிங்கமாகத் தெரியும் என்று, ஒவ்வொன்றையும் கலவை வைத்து அடைத்து மேலே சிமென்ட் பெயிண்டும் அடித்திருப்பார்கள். வீட்டை விற்பனைக்குத் தயார் செய்கிறோம் என்று சொல்லி, மலைக்குள் ஊறும் தண்ணீர் வெளியேறும் ஒரே வழியை மூடுகிறோம். சுவருக்குப் பின்னால் தண்ணீர் நின்றால் அழுத்தம் எத்தனை மடங்காகும் என்று இந்த இதழைப் படிப்பவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. மேஸ்திரியைக் குறை சொல்லியும் புண்ணியமில்லை. சைட்டுக்கு வந்து பார்த்துப் பில்லில் கையெழுத்துப் போட்டவர் பொறியாளர்.

2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், கொட்டும் மழையில் தனியார் இடத்துக் கருங்கல் சுவர் வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர் செத்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலை சோலையாறு அணைப் பகுதியில் மண் சரிந்து ஒரு பாட்டியும் பேத்தியும் வீட்டோடு புதைந்தார்கள். அன்றைய வயநாட்டு நிலச்சரிவுச் செய்தியின் ஓலத்தில் நம் மாவட்டத்துச் சாவு ஒரு பத்திச் செய்தியாகச் சுருங்கிப் போனது. இரண்டு முறையும் அதிகாரிகள் வந்தார்கள், நிவாரணம் அறிவித்தார்கள், போனார்கள். நாம் நிரப்பும் படிவத்தில் ஒரு வரி கூடியதா? வங்கி மதிப்பீட்டுப் படிவத்தில் நில மட்டமும் மேடுபள்ளமும் பற்றி ஒரு கட்டம் இருக்கிறது. 'லெவல்டு' என்று எழுதிவிட்டுப் போகிறோம். வெள்ளம் தேங்குமா என்று ஒரு கட்டம். மலை உச்சியில் உட்கார்ந்து 'இல்லை' என்று எழுதுகிறோம். சுற்றுச்சுவருக்கு நீளம் கேட்டு ரூபாய் போடச் சொல்கிறார்கள். மலையைத் தாங்கி நிற்கும் சுவருக்கு உயரம் என்ன, துவாரம் உண்டா, வடிகால் எங்கே போய் விழுகிறது என்று கேட்பாரில்லை. இத்தனைக்கும் இந்த மாவட்டத்தில்தான் மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு இருக்கிறது. மழை எவ்வளவு பெய்யும் என்பது கோப்புகளில் வருடா வருடம் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணைக் கட்டட அனுமதி மேசைக்குக் கொண்டுபோக ஆளில்லை. புதுக் கட்டடம் என்றால் ஹாகாவுக்காகத் துறை துறையாகத் தடையின்மைச் சான்று கேட்டு அலைய விடுகிறவர்கள், பழைய வீடு கைமாறும்போது பின்பக்கம் எட்டிப் பார்க்கவும் யாரையும் வைக்கவில்லை. தீர்ப்பு வந்த பிறகும் தேடுவது சான்றிதழைத்தான். சான்றிதழ் இருந்தால் சுவர் விழாது என்று நம்புகிறார்கள் போலும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமலில்லை. 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. அடைத்துப் பெயிண்ட் அடித்த துவாரம் அந்தக் குறைதான். விற்பவருக்குத் தெரியாது என்றால், நாம் எழுதிக் கொடுத்தால் தெரிந்துவிடும். மராமத்துக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு வடிகாலைத் தோண்டித் துவாரங்களைத் திறப்பது. அடுத்தது கூரைச் சீட்டின் ஓட்டை. ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மிச்சம் இருந்தால் பெயிண்ட் என்று மதிப்பீட்டில் வரிசை போட்டுக் கொடுங்கள். விலை குறையும் என்பார்கள். குறையட்டும்.

அடுத்த இதழில் சரிவு நிலத்து வீடுகளுக்கென்று ஒரு பக்க இணைப்பு அச்சாகிறது: சுவரின் உயரம், கல்லா காங்கிரீட்டா, துவாரங்களின் எண்ணிக்கை, வடிகால் சேரும் இடம், சந்துக்குள் நின்று எடுத்த புகைப்படம் ஒன்று. வெட்டி எடுத்து உங்கள் அறிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள். 'எங்கள் படிவத்தில் இதற்கு இடமில்லை' என்று வங்கி அதைக் கிழித்துவிட்டு அறிக்கையைக் கடிதத்தோடு திருப்பினால், அந்தக் கடிதத்தின் நகலை நமக்கு அனுப்பி வையுங்கள்.